வேண்டாம் என்று ஒருமுறை சொன்னால்

1

வெள்ளம் எப்படி மலை ஏறும் என்று இங்கிரிட் என்னைக் கேட்டாள்.

படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தோம். மேற்கு நோர்வேயில், பேர்கன் நகரத்து மருத்துவமனை ஒன்றின் சலவைக்கூடத்தில் எனக்கு வேலை. ஆஸ்பத்திரியின் அழுக்கெல்லாம் ஒரு வாசலால் உள்ளே வரும். வெள்ளையாய், சூடாய், சதுரமாய் மறு வாசலால் வெளியே போகும். இங்கிரிட் எங்கள் மேற்பார்வையாளர். நெடிய பெண், குட்டையாக வெட்டிய நரைமுடி, மெஷின் சத்தத்தோடு போட்டி போட்டே உரத்துப்போன குரல். முதல்நாள் தொலைக்காட்சியில் இலங்கையைக் காட்டியிருக்கிறார்கள். செம்மண் நிறத்தில் தண்ணீர், கூரை மட்டும் தெரிகிற கடைகள், படகில் ஒரு நாய். அதைப் பார்த்துவிட்டு அவள் வரைபடத்தைத் திறந்து நான் பிறந்த எல்கடுவ என்ற ஊரைத் தேடியிருக்கிறாள். அது மலைமேல் இருந்திருக்கிறது.

"உன் ஊர் இவ்வளவு உயரத்தில் இருக்கிறதே. தண்ணீர் அங்கே எப்படிப் போகும்?"

நல்ல கேள்வி. இத்தனை வருடத்தில் என் ஊரைப் பற்றி இந்த நாட்டில் ஒருவர் கேட்ட முதல் நல்ல கேள்வி. யானை உண்டா, கடற்கரை எப்படி, காரம் தாங்குமா என்றுதான் மற்றவர்கள் கேட்டிருக்கிறார்கள். கீழே மாத்தளைப் பக்கம் சுதுகங்கை பெருகிக் கடைகளுக்குள் போனது, அது வெள்ளம். மேலே எங்களுக்கு நடந்ததை என் நோர்வே மொழியில் எப்படிச் சொல்வது? பக்கத்தில் நின்ற தள்ளுவண்டியைக் காட்டினேன். அதில் ஈரத் துவாலைகள் ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தன.

"இதன் மேல் இன்னும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்?"

"சரிந்து விழும்."

"அதன் அடியில் என் தங்கச்சியின் வீடு இருக்கிறது."

அவள் அந்தத் துவாலைக் குவியலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, தங்கச்சி எங்கே இருக்கிறாள் என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில், முகாமில், பத்திரமாக என்றேன். உனக்கு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள்.

"ஐயோ, இல்லை. ஒன்றும் வேண்டாம். ரொம்ப நன்றி."

தலையை ஆட்டினாள். முழங்கையை மெல்லத் தொட்டாள். போய்விட்டாள். எப்படியும் மறுபடி வந்து கேட்பாள் என்று நான் அடுத்த விரிப்பை எடுத்தேன்.

2

மாத்தளையிலிருந்து வரும் பஸ் உக்குவளையைத் தாண்டியதும் மூச்சு வாங்கத் தொடங்கும். அதற்குப் பிறகு வளைவு, ஏற்றம், மறுபடி வளைவு. எங்கள் லயம் பாதையிலிருந்து படிகள் ஏறிப் போகிற இடத்தில் இருக்கிறது. ஒரே கூரை, ஒரே நீளச் சுவர், அதற்குள் ஆறு வீடுகள். வீடு என்றால் ஒற்றை அறையாக ஒரு காம்பரா, முன்னால் திண்ணை மாதிரி ஓர் இஸ்தோப்பு, பின்னால் ஒட்டுப்போட்ட அடுப்படி. கடைசி வீட்டில் தங்கச்சி வசந்தாவும் அவள் புருஷன் முருகேசும் மகள் திவ்யாவும். புருஷன் பெண்சாதி இரண்டு பேருக்கும் தேயிலைத் தோட்டத்தில் வேலை. அவள் கொழுந்து பறிக்கிறாள்.

லயத்தின் முதுகில் மலை சாய்ந்து நிற்கும். அடுப்படி ஜன்னலால் கையை நீட்டினால் மண். அந்த மண்ணில் அகப்பையையும் தோசைக்கரண்டியையும் செருகி வைப்போம். எங்கள் சுவரில் ஆணி அறையத் தோட்டத்துத் துரையின் அனுமதி வேண்டும், மலைக்கு அது தேவையில்லை. மலை ஒரு சாமான் தட்டு என்றுதான் நான் வளர்ந்தேன். அது ஒரு நாள் வீட்டுக்குள் வரலாம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

பேர்கனில் வருடம் முழுக்க மழை. இங்கே ஆட்கள் மழைக்கு ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடப் போகிறார்கள், பிள்ளைகளைச் சேற்றுக்குழியில் குதிக்க விடுகிறார்கள். முதல் வருடம் எனக்கு இது விசித்திரமாக இருந்தது. ஒரே மழைதானே? வானத்திலிருந்து இறங்கும்போது அது எந்த நாட்டு மழை என்று அதற்குத் தெரியாதே? இப்போது நான் வேறு எதையோ பார்க்கிறேன். மழை பெய்யும்போது இங்குள்ளவர்கள் வானத்தைப் பார்க்கிறார்கள். நான் வீட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன்.

தொலைக்காட்சியில் காட்டிய அந்தப் புயல் மழையில் எங்கள் பக்கத்து ஃபோன்களெல்லாம் செத்துப்போயின. ஒரு காலை வசந்தாவின் குரல் வந்தது. பக்கத்து லயத்தை மண் மூடிவிட்டது. அதில் இருந்தவர்கள் முன்னமே கோயிலுக்கு ஓடிவிட்டதால் உயிர் தப்பினார்கள். எங்கள் லயம் நிற்கிறது, ஆனால் பின்மலையில் வெடிப்பு. எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

"ஏதாச்சும் அனுப்பவாடி?"

"ஒண்ணும் வேணாம்க்கா. சோறு தர்றாங்க, பாய் தந்திருக்காங்க. நாங்க நல்லா இருக்கோம்."

நல்லா இருக்கோம் என்ற சொல்லை நான் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டேன்.

3

சலவைக்கூடத்தில் அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அன்பாக இருந்தார்கள், அதைச் சொல்ல வேண்டும். பாரமான பைகளை என் முறையிலும் வேறு யாரோ தூக்கினார்கள். என் கோப்பையில் கோப்பி முன்னமே ஊற்றியிருந்தது. ஆனால் கேள்வி இல்லை. சாப்பாட்டு அறையில் அவரவர் பாண் துண்டை அவரவர் தாளில் பிரித்து அவரவர் தின்றார்கள். செய்தியில் இலங்கை வந்தால் யாராவது எழுந்து பனிச்சறுக்குப் போட்டிக்கு மாற்றினார்கள். நாற்பது பேர் வேலை செய்கிற இடத்தில் நான் மட்டும் ஒரு தீவு மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

இஸ்திரி உருளையில் நிற்கும் சிவராசா அண்ணன் சாவகச்சேரிக்காரர். எனக்கு முன்னமே இந்த நாட்டுக்கு வந்தவர். எல்கடுவ என்றால் எங்கே என்று அவருக்கும் தெரியாது. கண்டிப் பக்கம் என்றுதான் என்னைப் பற்றிச் சொல்வார்.

"என்ன பிள்ளை, முகம் இருண்டு கிடக்கு?"

"இவங்களுக்கு மனசே இல்லண்ணே. ஒருத்தராவது வந்து கேட்டாங்களா?"

"இங்கிரிட் கேட்டவ எண்டு நீர்தானே சொன்னனீர்."

"அது ஒரு தடவதானே."

அவர் உருளையை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "பின்ன எத்தினை தரம் கேக்கோணும்? தாம்பாளத்தில வெத்திலை பாக்கு வைச்சோ?"

எனக்குக் கோபம் வந்தது. அன்று வேலை முடியும்வரை அவரோடு பேசவில்லை. அவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, உருளையோடு பேசிக்கொண்டிருந்தார்.

4

ஞாயிற்றுக்கிழமை பகலில் வசந்தாவை ஃபோன் திரையில் பார்ப்பது வழக்கம். என் மகள் நிலா அந்த நேரத்தில் அறையை விட்டுத் தலையை மட்டும் நீட்டி, "சித்தி சுகமா?" என்று கேட்டுவிட்டு மறைவாள். அவளுக்குப் பதினாறு வயது. அவள் தமிழில் பாதி அவள் அப்பாவின் யாழ்ப்பாணம், பாதி என்னுடைய எல்கடுவ, மூட்டுகள் எல்லாம் நோர்வே மொழி. வீட்டுக்கு வருகிற தமிழர் முன்னால் அவள் வாயைத் திறந்தால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். இந்த நாட்டில் பிறந்தவள். கேட்க வேண்டியதை நேரே கேட்பாள். சுற்றி வருவது என்றால் என்ன என்று அவளுக்கு நான் எத்தனையோ தரம் சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன், தலையில் ஏறவில்லை.

அன்று அவள் போகவில்லை. என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சித்தி, நேற்று நீங்க எங்க படுத்தீங்க?"

அவள் கையைக் கிள்ளினேன். இப்படியா கேட்பது?

"எல்லாரும் ஒண்ணாத்தான் படுத்தோம்டா கண்ணு" என்றாள் வசந்தா.

"எந்த வீட்டில?"

அங்கே ஒரு சேவல் கூவியது. அப்போதுதான் நான் தங்கச்சியின் முகத்தை விட்டு அவளுக்குப் பின்னால் பார்த்தேன். ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஒரு சாணுக்குள் சிவந்த மண். மண்ணில் ஓர் அகப்பை.

"வசந்தா. நீ லயத்துலயா இருக்க?"

"இஸ்கூல் தொறந்துட்டாங்கக்கா. புள்ளைங்க படிக்கணும்ல. எங்கள காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

"மல வெடிச்சிருக்குன்னு சொன்னியே?"

"ஆபிசருங்க வந்து பார்த்துட்டுப் போனாங்க. ரிப்போர்ட் வரல. கிராம சேவகருகிட்டக் கேட்டா தோட்டத்துல கேளுங்கிறாரு. தோட்டத்துல கேட்டா ரிப்போர்ட் வரட்டும்ங்கிறாங்க. அதுவரைக்கும் மரத்துலயா தொங்குறது? ஆறு வீட்டு ஆளும் திரும்பி வந்துட்டோம்."

"எனக்கு ஏன்டி சொல்லல? நான் கேட்டேனே?"

"ஒரு தடவ கேட்ட. நான் வேணாம்னேன். நீ சரின்னுட்டு ஃபோன வச்சிட்ட."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. நடந்ததைச் சொல்கிற குரல். எங்கள் லயத்தில் முதல் 'வேண்டாம்' என்பதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அது வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி ஒரு மரியாதை, அவ்வளவுதான். பேச்சு அதற்குப் பிறகுதான் தொடங்கும். நான் எப்போது இப்படி ஆனேன்? எந்த வருடம், எந்தப் பாண் துண்டைத் தின்னும்போது?

நாளைக்கே மாத்தளையில் ஒரு அறை எடு, வாடகை நான் தருகிறேன், இறங்கி வா என்றேன்.

"நான் மட்டும் எப்பிடிக்கா? நம்ம வீடு கடைசி வீடு. பெட்டியத் தூக்கிட்டு எறங்கினா அந்த அஞ்சு வாசலையும் தாண்டித்தான் போகணும். அவங்க இஸ்தோப்புல ஒக்காந்து பார்ப்பாங்க. நான் அவங்கள எந்த முகத்தோட பார்க்கிறது? பக்கத்து வீட்டு ராசம்மா அக்காதான் திவ்யாவுக்கு ரெண்டு வருஷம் சோறு ஊட்டினது."

"மழை மறுபடி வந்தா?"

"வருதுன்னுதான் ரேடியோவுல சொல்றாங்க" என்றாள். அதையும் நடந்ததைச் சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

ஃபோனை வைத்த பிறகு நிலா கேட்டாள், ஆறு வீட்டுக்கும் இடம் வேண்டுமானால் வேலை செய்யும் இடத்தில் ஏன் கேட்கவில்லை என்று. அவர்கள் கேட்டார்கள், நான் வேண்டாம் என்றேன் என்றேன்.

"வேண்டாம் என்று சொன்னா, பிறகு ஏன் நீங்க அவங்களோட கோபம்?"

5

திங்கட்கிழமை காலை, வேலை தொடங்குமுன் எல்லோரும் வட்டமாக நிற்பது எங்கள் வழக்கம். எந்த மெஷின் பழுது, யாருக்குச் சுகமில்லை, எந்த வார்டுக்கு அவசரம். தோட்டத்தில் விடியற்காலை பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டு மாதிரிதான். ஆனால் இங்கே கையில் கோப்பி இருக்கும், யாரும் ஏச மாட்டார்கள். இங்கிரிட் வேறு ஏதாவது உண்டா என்று கேட்டாள். வழக்கமாக யாருக்கும் எதுவும் இருக்காது.

"எனக்கு உதவி வேண்டும்" என்றேன்.

இந்த மூன்று சொற்களைப் பேச நான் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பழகியிருந்தேன். வாயைவிட்டு வெளியே வந்ததும் உடம்பு பூராவும் சூடாகிவிட்டது, நடுத்தெருவில் சேலை அவிழ்ந்த மாதிரி. சிவராசா அண்ணன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் கூச்சம். முதல்நாள் இரவு ஃபோனில் அவரிடம் சொன்னபோது, "பிச்சை கேக்கிற மாதிரி இராதோ பிள்ளை?" என்றுதான் முதலில் கேட்டார்.

மலை, வெடிப்பு, திறந்துவிட்ட பள்ளிக்கூடம், வராத அறிக்கை எல்லாவற்றையும் சொன்னேன். புரிந்ததா என்று தெரியவில்லை. லயம் என்றால் என்ன என்று ஒருவர் கேட்டார். அதற்கு என்னிடம் வார்த்தை இல்லை. தள்ளுவண்டிகளுக்குப் பாதை குறிக்கிற மஞ்சள் டேப் அலமாரியில் இருந்தது. அதை எடுத்துத் தரையில் ஒட்டினேன். இது காம்பரா. இது இஸ்தோப்பு. இது அடுப்படி. கைகளை விரித்து, காலடியால் அளந்து, ஞாபகத்திலிருந்து.

ஒவ்வொருவராக உள்ளே வந்து நின்றார்கள். கேள்விகள் வரத் தொடங்கியதும் நிற்கவே இல்லை.

"கட்டில் எங்கே?"

"ராத்திரி பாய். பகலில் சுருட்டிவிடுவோம்."

"கழிவறை?"

"இந்தக் கோட்டுக்கு வெளியே. லயத்தின் கோடியில்."

"எத்தனை பேர்?"

"நாங்கள் ஏழு பேர் இருந்தோம்."

யாரோ சிரித்தார்கள், நான் வேடிக்கை சொல்கிறேன் என்று நினைத்து, பிறகு நிறுத்திக்கொண்டார்கள். இங்கிரிட் ஒரு துணி வண்டியை உருட்டி உள்ளே விட்டுப் பார்த்தாள். அது பாதி அறையை எடுத்துக்கொண்டது.

"உன் குடும்பம் எவ்வளவு காலமாக அங்கே இருக்கிறது?"

"என் பாட்டனின் அப்பா அந்தக் காட்டை வெட்டியவர்களில் ஒருவர்."

"அப்படியானால் வீடு உங்களுடையதுதானே?"

"இல்லை. தோட்டத்தினுடையது."

சின்ன வயதில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. குளிர்நாட்டுச் சலவைக்கூடத்தில், சவர்க்கார வாசனைக்கு நடுவே, ஒருவர் சாதாரணமாகக் கேட்டபோதுதான் அது எவ்வளவு விசித்திரம் என்று எனக்கே தெரிந்தது.

"உனக்கு ஒன்றும் வேண்டாம் என்று நீ சொன்னாய்" என்றாள் இங்கிரிட். "உன்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நான்தான் எல்லோரிடமும் சொல்லிவைத்தேன்." அவள் முகம் சிவந்திருந்தது. "தொலைக்காட்சியைக்கூட மாற்றச் சொன்னேன்."

6

எல்லோரும் கூடிக் கூலியில்லாமல் ஒரு வேலையைச் செய்து முடிப்பதற்கு இந்த நாட்டில் ஒரு பெயர் உண்டு. நம் ஊரில் அதுதான் சிரமதானம். பள்ளிக்கூடத்து வேலி கட்டவும் கட்டடத்து முற்றம் கூட்டவும் செய்வார்கள். இங்கிரிட் அன்று மத்தியானமே அதை அறிவித்துவிட்டாள். மருத்துவமனை நடையில் ஒரு மேசை, அதில் வாஃபிள் சுட்டு விற்பது. சிவராசா அண்ணனும் நானும் தேங்காய் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும். அந்த மஞ்சள் டேப்பால் மேசைக்கு முன்னால் தரையில் மறுபடி ஒரு காம்பரா. வாங்க வருகிறவர் அதற்குள் நின்றுதான் வாங்க வேண்டும்.

அனுமதி எடுக்கத்தான் பெரிய பாடு. தேங்காய் ஒவ்வாதவர்கள் நிலை என்ன, சம்பலை எந்தப் பாத்திரத்தில் வைப்பது, ரொட்டிக்கல் எந்தத் தரத்தில் ஆனது என்று சுகாதாரப் பிரிவிலிருந்து கேட்டார்கள். எனக்குச் சிரிப்பாகவும் பொறாமையாகவும் இருந்தது. ஒரு ரொட்டிக்கு இத்தனை பேர் பொறுப்பு எடுக்கிறார்கள். ஒரு மலைக்கு அங்கே ஒருவரும் எடுக்கவில்லையே. கேள்வி கேட்ட அதிகாரி கடைசியில் வந்து இரண்டு ரொட்டி வாங்கினார். சம்பலைத் தொட்டுவிட்டு நீண்ட நேரம் ஜன்னலால் வெளியே பார்த்தார்.

"அவருக்கு ஊர் தெரிஞ்சிட்டுது" என்றார் சிவராசா அண்ணன்.

மாத்தளையில் நான் இளவயதில் விற்பனைப்பெண்ணாக நின்ற கடையின் முதலாளி மகன் நஸீர் நானா, எனக்கு அண்ணன் மாதிரி. இப்போது மிளகு, கராம்பு வியாபாரம். உக்குவளையில் அவருக்கு ஒரு பழைய சரக்கு ஸ்டோர் இருப்பது எனக்குத் தெரியும். அவருக்கு ஃபோன் எடுத்தேன். இந்த முறை சுற்றி வளைக்கவில்லை. ஆறு குடும்பத்துக்கு இடம் வேண்டும் நானா, வாடகை தருவோம் என்றேன்.

"ஸ்டோர் சும்மாதான் கெடக்கு தங்கச்சி. இந்த மழைக்கு மிளகு காயப்போட ஏலாது. மனிசராவது காயட்டும்."

"வாடகை?"

"அதப் பொறவு பேசுவம்."

"இல்ல நானா, இப்பவே பேசணும்."

அவர் கொஞ்சம் திகைத்துப்போனார் என்று நினைக்கிறேன். பிறகு ஒரு தொகையைச் சொன்னார், நியாயமான தொகை. நோர்வேக்காரியாகிட்டீங்க என்றும் சொன்னார். பாராட்டா, குத்தலா தெரியவில்லை.

உள்ளே பலகைத் தடுப்பு, இரண்டு கழிவறை, விடியப் பெரட்டு நேரத்துக்குள் எல்லோரையும் மலைக்கு ஏற்றிப்போக ஒரு சின்ன லொறி. பெரட்டில் பெயர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை என்பதால் லொறிதான் முக்கியம் என்று வசந்தா சொன்னாள். அதை இங்கிரிட்டுக்கு மொழிபெயர்த்தேன். சில மாதங்களுக்குத் தாங்கும் அளவுக்குப் பணம் சேர்ந்தது. அதற்குப் பிறகு? எனக்குத் தெரியாது. அறிக்கை இன்னும் வரவில்லை.

7

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இறங்கினார்கள். வசந்தா ஒவ்வொரு வாசலிலும் நின்று, வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். நான்கு வீட்டார் பெட்டி கட்டிக்கொண்டு கூட வந்தார்கள். ராசம்மா அக்கா மட்டும் இஸ்தோப்பை விட்டு எழவில்லை. "நீங்க போங்கம்மா. எனக்கு ஒண்ணும் வேணாம். இந்த மல என்னைய என்னா செய்யும்?" என்றாராம். புருஷன் இல்லை, மகன் கொழும்பில் கடையில் வேலை. தனி ஆள்.

அதற்குப் பிறகு வெயிலடித்தது. இரண்டு வாரம் நல்ல வெயில். பின்மலை அசையவில்லை. கொழுந்து பறிக்கப் போன இடத்தில் மற்ற லயத்துப் பெண்கள் கேலி செய்தார்களாம், உக்குவளை டவுன்காரிக்குப் பயம் தெளிஞ்சிருச்சா என்று.

"சும்மா எறங்கி வந்துட்டோமோக்கா?" என்று வசந்தா கேட்டாள். "மல அப்படியேதான் நிக்குது."

"நிக்கட்டும். நின்னா நல்லதுதானே."

"இல்ல, நீ அங்க அத்தன பேருகிட்டக் கேட்டியேன்னு பார்த்தேன். விழாம இருந்தா அவங்க என்னா நெனைப்பாங்க?"

இதை நான் இங்கிரிட்டிடம் சொன்னபோது அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையில் இருந்த விரிப்பை அப்படியே வைத்துவிட்டு, "மலை விழாததற்கு எங்களிடம் மன்னிப்புக் கேட்கிறாளா?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் அதை மதியச் சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் சொன்னாள். இப்போது யாராவது காலையில் என்னைப் பார்த்தால், மலை நிற்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். நிற்கிறது என்கிறேன். நல்லது என்கிறார்கள்.

போன வாரம் அங்கே மறுபடி மழை பிடித்தது. நிலாதான் ஃபோன் எடுத்தாள், இப்போதெல்லாம் அவளே எடுக்கிறாள்.

"சித்தி, எல்லாரும் ஸ்டோரிலயா?"

"எல்லாரும் இங்கதான் கண்ணு. ராசம்மா அக்காவும் வந்திருக்கு."

நான் ஃபோனை வாங்கிக்கொண்டேன். "எப்படிடி வந்தாங்க?"

"சாயந்தரம் வேல முடிஞ்சு லொறி ஏறுறப்ப நான் போய்க் கூப்பிட்டேன். வரமாட்டேன்னுச்சு. மறுபடி போனேன். ஏசிச்சு. மழை வேற கொட்டுது, லொறிக்காரன் ஹோர்ன் அடிக்கிறான். அப்பறம் நான் அது பெட்டியத் தூக்கிட்டு வந்து லொறியில வச்சுட்டேன். பெட்டி பின்னாலயே கத்திக்கிட்டு ஓடி வந்து ஏறிருச்சு."

"இப்ப என்ன சொல்றாங்க?"

"மழை விட்டதும் போயிருவேன்ங்குது. படுக்க பாய் வேணாமாம், இப்படியே செவத்துல சாஞ்சு இருந்துக்குமாம்."

"நீ என்ன செஞ்ச?"

"பாய விரிச்சுட்டேன்" என்றாள் வசந்தா. "தூங்குது."